ரேஸ் ஹெல்மெட்டுக்குள் காதும் ரேடியோவும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ ஒரு ஹெல்மெட் கடைக்குப் போய், "அண்ணாச்சி, ரேஸ் ஹெல்மெட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பின்பக்கம் செதில் மாதிரி நீட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். "பேசிக்கிட்டே போணும்னா புளூடூத் வச்சு ஒட்டித் தந்திருதேன் தம்பி" என்றும் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது அதுதான். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளத்துக்கோ ஓட்டிப் பழகப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள் அதே பேச்சை நம்பிப் பணத்தைப் போடும்போதுதான் வம்பு.

இந்த விஷயத்தில் இரண்டு நம்பிக்கைகள் ஊர் முழுக்க உலவுகின்றன. ஹெல்மெட் காதை மூடுவதால் காதுக்கும் அதுவே பாதுகாப்பு என்பது ஒன்று. ரேடியோவில் பேசுவது விளங்கவில்லையென்றால் இன்னும் சத்தமான ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தப்பு. முதலாவதை நம்பி ஏமாந்தவர்தான் இரண்டாவதிலும் போய் விழுகிறார். ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

கொடை அன்று ஒரு கேள்வி

ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா. நையாண்டி மேளம் உச்சத்தில் இருக்கிறது. பந்திக்கு இன்னும் எத்தனை இலை வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் மாமாவிடம் கேட்க வேண்டும். காதோடு வாயை வைத்துக் கத்துகிறீர்கள். அவருக்கு "இலை" என்பது மட்டும் விழுகிறது. இன்னும் பலமாகக் கத்தினால் அவர் முகத்தைச் சுளிக்கிறாரே தவிர, கேள்வி போய்ச் சேரவில்லை. கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால், சுவர் மறைவுக்கு இழுத்துப் போங்கள். வீட்டுத் திண்ணையில் பேசுகிற குரலிலேயே பேச்சு முடிந்துவிடும்.

மேளக்காரர் நிறுத்தவில்லை, உங்கள் குரலும் ஏறவில்லை. நடுவில் ஒரு சுவர் வந்தது, அவ்வளவுதான். ரேஸ் ஓட்டுநரின் காதுக்கு நாம் செய்யப்போவதும் இதேதான். முதலில் சுவர், அதற்குப் பிறகுதான் பேச்சு. அந்தச் சுவர் ஹெல்மெட் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத சேதி.

ஹெல்மெட்டின் வேலை என்ன

வெளியே கெட்டியான ஓடு. அதற்குள்ளே நாம் தெர்மோகோல் என்று சொல்கிற பொருளிலேயே கொஞ்சம் அடர்த்தியான ஒரு அடுக்கு. அதற்கும் உள்ளே துணியும் பஞ்சும் வைத்த மெத்தை. அடிபடும்போது அந்தத் தெர்மோகோல் நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில மில்லிமீட்டரும் சில மில்லிவினாடியும்தான் மூளையைக் காப்பாற்றுகின்றன. ஒருமுறை நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது என்பது இதனால்தான், வெளியே கீறலே தெரியாவிட்டாலும்கூட.

எந்த அடி, எந்த ஆபத்து என்பதைப் பொறுத்துத்தான் முத்திரை மாறுகிறது. நம் சாலையில் இருசக்கர வண்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், அதன் தரநிலை எண் ஐஎஸ் 4151. கார் பந்தயத்தில் கதை வேறு. ஓட்டுநர் இருக்கையோடு கட்டப்பட்டு, இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். தலை கம்பியில் திரும்பத் திரும்ப மோதலாம், தீப்பிடிக்கலாம். அமெரிக்காவில் 1956இல் ஒரு பந்தயத்தில் இறந்துபோன பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் பெயரில் 1957இல் தொடங்கிய ஸ்னெல் அறக்கட்டளை, இவற்றைத் தனித்தனியாகச் சோதித்து முத்திரை தருகிறது. எஸ்ஏ என்று தொடங்குவது கார் பந்தயத்துக்கு, அதில் தீச்சோதனையும் கம்பி மோதல் சோதனையும் உண்டு. எம் என்பது பைக்குக்கு, அதில் தீச்சோதனை கிடையாது. கே என்பது கோ-கார்ட் என்ற சின்னத் திறந்த பந்தய வண்டிக்கு. பின்னால் வரும் 2020, 2025 என்பவை அந்தத் தரநிலையின் பதிப்பைக் குறிக்கும் ஆண்டுகள். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவும் 8859, 8860 என்ற எண்களில் தன் சொந்தத் தரநிலைகளை வைத்திருக்கிறது.

கார் ஹெல்மெட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் திருகாணி போடுகிற துளைகள் இருக்கும். ஹான்ஸ் என்ற தோள் கருவியை அங்கேதான் மாட்டுவார்கள். மோதலில் உடல் பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் முன்னால் பாய்ந்து கழுத்து முறிவதை அது தடுக்கும். பைக் ஹெல்மெட்டில் இந்தத் துளைகள் இருக்காது. நாமே துளை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், ஓட்டில் துளை போட்ட நிமிடமே அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. எந்தப் பந்தயத்துக்கு எந்த முத்திரை செல்லும் என்பதை அந்தப் போட்டியின் விதிப் புத்தகம் சொல்லும். வாங்குவதற்கு முன்னால் அதைப் படியுங்கள், வாங்கிய பிறகு இல்லை.

இந்த முத்திரைகள் எல்லாம் பேசுவது தலை, கழுத்து, தீ இவற்றைப் பற்றி. செவி எவ்வளவு காப்பாற்றப்படும் என்று அவை உறுதி தருவதில்லை.

சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது

நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று நாலுவழிச் சாலையில் ஆடி மாதம் பைக்கில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று காற்றாலைக் காத்தாடிகளைச் சுற்றுகிற அதே வேகத்தில் ஹெல்மெட்டையும் பிடித்து உலுக்கும். முழு முகம் மூடிய ஹெல்மெட்தான், கண்ணாடியும் இறக்கியாயிற்று. ஆனாலும் உள்ளே "ஹோ" என்ற இரைச்சல்.

வெளியே இருக்கும் சத்தம் ஓட்டைத் துளைத்து வருவதாக நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் அப்படியில்லை. ஹெல்மெட்டின் விளிம்பிலும், நாடிக்கு (முகவாய்க்கு) கீழேயும், கழுத்துப் பக்கத்திலும் காற்று கிழிபட்டுச் சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் இரைச்சலை உண்டாக்குகிறது. அதாவது சத்தம் பிறக்கிற இடமே ஹெல்மெட்டின் தோல்தான். அங்கிருந்து ஓடு அதிர்ந்தும், கழுத்து இடைவெளி வழியாகவும் காதுக்கு வருகிறது. ஏறக்குறைய 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே எஞ்சின் சத்தத்தைக் காற்றுச் சத்தம் அமுக்கிவிடும்.

இங்கே கணக்கில் வருவது ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் இல்லை, காற்று நம் மேல் மோதும் வேகம். 80இல் போகிறீர்கள், எதிர்க்காற்று 40 என்றால் ஹெல்மெட்டுக்கு அது 120. நம் தென்பக்கத்து ஆட்களுக்கு மற்றவர்களைவிடக் காதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கார் பந்தயத்தில் கூரை இருக்கிறதே என்றால், அங்கே வேறு தொந்தரவு. எடை குறைக்க உள்ளிருக்கும் மெத்தை, விரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் புகைக்குழாயும் போடுகிற சத்தம் வெறும் தகரப் பெட்டிக்குள் எதிரொலிக்கும். கோ-கார்ட்டில் எஞ்சின் இடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சத்தத்தில் பெரும்பங்கு தாழ்ந்த சுருதி. ஒலி ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம், அதன் அலகு ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 1.7 மீட்டர் நீளம், ஓர் ஆள் உயரம். அதை இரண்டு அங்குல மெத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஹெல்மெட் மேல்சுருதியை ஓரளவு தடுக்கும், கீழ்ச்சுருதியை அப்படியே விட்டுவிடும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

சத்தத்தின் அளவு டெசிபல். சாதாரணக் கூட்டல் கணக்கு இதில் செல்லாது. 3 டெசிபல் ஏறினால் காதில் விழும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஆகவே காது தாங்கும் நேரம் பாதியாகிறது. வேலையிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம், 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. 100க்கு வரும்போது 15 நிமிடம்தான்.

நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சத்தம் 90ஐத் தாண்டி 100ஐத் தொடும். ஓடுதளத்தில் அதற்கும் மேல். பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, போட்டி என்று ஒரு நாளில் சேரும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், 15 நிமிடம் காலையிலேயே தீர்ந்துபோகும்.

தீர்ந்தால் என்ன ஆகும்? உள்காதில் காக்ளியா என்று சுருண்ட ஒரு சிறு குழல் இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிர்ச் செல்கள். ஒலியின் அசைவை நரம்புக்குச் சொல்வது அவைதான். செத்துப்போன மயிர்ச் செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஓட்டி முடித்த ராத்திரி காதுக்குள் "ஙொய்" என்று கேட்கிறதே, அது அந்தச் செல்கள் படும் பாடு. காலையில் சரியாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால் சரியாகாத நாள் ஒன்று வரும். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல்சுருதி. பேச்சு காதில் விழும், வார்த்தை பிடிபடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ஹெல்மெட் தலைக்கு, காதுக்கு இல்லை. சத்தம் ஹெல்மெட்டின் மேலேயே பிறந்து, தாழ்ந்த சுருதியில் உள்ளே வருகிறது. பந்தயத்தில் காதுக்குக் கிடைக்கும் கெடு சில நிமிடங்கள்.

கத்தினாலும் ஏன் விளங்குவதில்லை

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

காக்ளியாவின் வாசல் பக்கம் மேல்சுருதியைப் பிடிக்கும், உள்கோடி கீழ்ச்சுருதியைப் பிடிக்கும். ஒலி நுழைவது வாசல் வழியாக. எனவே கீழ்ச்சுருதி ஒலி தன் இடத்துக்குப் போய்ச் சேர, வாசலிலிருந்து குழலின் நீளம் முழுக்க அசைத்துக்கொண்டே போக வேண்டும். போகிற வழியில் மேல்சுருதிக்கான இடங்களையும் அது உலுக்கிவிடுகிறது. காற்றிரைச்சல் கீழ்ச்சுருதி. பேச்சில் வார்த்தையை அடையாளம் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை மேல்சுருதி. ஆகவே இரைச்சல் பேச்சை அமுக்கும், பேச்சு இரைச்சலை அமுக்காது. ஓர் ஒலி இன்னொன்றைக் கேட்கவிடாமல் செய்வதற்கு மறைப்பு என்று பெயர்.

சத்தம் ஏற ஏற இந்த மறைப்பு இன்னும் அகலமாகப் பரவும். அதனால், இரைச்சலையும் பேச்சையும் ஒரே அளவு குறைத்தால்கூடப் பேச்சு முன்னைவிடத் தெளிவாகும். இயர் பிளக் வைத்துக்கொண்டால் பேச்சும் குறைந்துவிடுமே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 100 டெசிபல். பேச்சு அதைவிட 6 டெசிபல் மேலே இருந்தால்தான் ஏதோ விளங்குகிறது என்று வையுங்கள். ஸ்பீக்கரை 106க்கு ஏற்றுகிறீர்கள். நியோஷ் கணக்கில் 106க்குக் கெடு 4 நிமிடத்துக்கும் குறைவு. இப்போது காதுக்குள் 15 டெசிபல் தடுக்கும் அடைப்பு வைத்து, அதற்கும் உள்ளே ஸ்பீக்கரை வைப்போம். இரைச்சல் 85 ஆகிறது. பேச்சு 91 இருந்தால் போதும். 91க்குக் கெடு 2 மணி நேரம், அதுவும் யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் ஒன்றே, காதின் கதிதான் வேறு.

செவிப் பாதுகாப்பு வேறு, ரேடியோ வேறு என்று பட்ஜெட்டில் இரண்டாகப் பிரித்து எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ரேடியோ கேட்க வேண்டுமா, முதலில் காதை அடையுங்கள்.

இயர் பிளக்கில் உள்ள சூட்சுமம்

பஞ்சு போன்ற நுரைப் பிளக் மலிவானது, நல்லதும்கூட, ஒழுங்காக வைத்தால். சுத்தமான கையால் மெல்லியதாக உருட்ட வேண்டும். மற்றொரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் வைக்காத கணக்குதான், ஹெல்மெட்டை மாட்டும்போது அதுவும் பிடுங்கிக்கொண்டு வரும்.

பாக்கெட்டில் என்ஆர்ஆர் என்று ஓர் எண் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பிளக் எத்தனை டெசிபல் குறைத்தது என்பது அது. 30 என்று போட்டிருந்தால் நம் கையில் 30 கிடைக்காது. பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. மேலே கணக்கில் 15 என்று எடுத்துக்கொண்டது அதனால்தான்.

ரேடியோ வேண்டுமென்றால், பிளக்குக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிற இயர் பீஸ் வாங்க வேண்டும். இதில் இரண்டு வகை. நுரை முனையைக் கழற்றி மாற்றிக்கொள்வது ஒன்று. உங்கள் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்வது மற்றொன்று. காது கேட்கும் கருவிக்கு அச்செடுப்பதும் இந்த அச்செடுப்பதும் ஒரே முறைதான், செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் செய்ய வேண்டிய வேலை. ரேஸில் தொடர்ந்து இருக்கப்போகிறவர்கள் அச்சு வகைக்கே போகலாம். நம் வெயிலில் வியர்வைக்கு நுரை முனை சீக்கிரம் ஊறி வழுக்கும். அச்சு வகையைக் கழுவித் துடைத்து வைக்கலாம். காதில் சீழ், வலி என்று ஏதாவது இருந்தால் எந்தப் பிளக்கும் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஹெல்மெட்டின் காதுப் பள்ளத்தில் ஒட்டுகிற வட்டமான ஸ்பீக்கர்கள் உண்டே, அவை சுவருக்கு வெளியே நின்று பேசுகிறவை. பிளக் வைத்திருந்தால் மேல்சுருதி கூடுதலாகக் குறைந்து பேச்சு மங்கும். பிளக் வைக்காவிட்டால் 106 டெசிபல் கதை. ஊர் சுற்றும் பயணத்துக்கு, மிதமான வேகத்தில், பரவாயில்லை. ஓடுதளத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கெட்டியான ஸ்பீக்கர் மடலை அழுத்திக்கொண்டிருந்தால் அரைமணியில் வலி தாங்காது என்பது வேறு.

மைக் வாயை ஒட்டித்தான்

ரேஸ் மைக் இரைச்சலை எப்படி ஒதுக்குகிறது? அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருக்கும். தூரத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு மோதுவதால் தகடு அசையாது. உதட்டுக்குப் பக்கத்தில் பிறக்கும் பேச்சு முன்பக்கம் மட்டும் பலமாக மோதும், தகடு அசையும். இந்த வித்தை உதட்டுக்கும் மைக்குக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் மட்டுமே பலிக்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் உங்கள் குரலும் இரைச்சலோடு சேர்ந்து ஒதுக்கப்படும். திருப்பி மாட்டினாலும் அதே கதி. முழு முக ஹெல்மெட்டில் நாடிப் பட்டைக்கு உள்ளே மைக் உதட்டை உரசுகிற மாதிரி இருக்க வேண்டும். ஓடுதளத்துக்கு வெளியே சாலைகளில் நடக்கும் ராலிப் பந்தயத்தின் முகம் திறந்த ஹெல்மெட்டில் வளைகிற கம்பியில் நீண்டு வரும்.

ரேடியோ, இன்டர்காம், புளூடூத்: மூன்றும் வேறு

ரேடியோ என்பது காருக்கும், ஓடுதளத்தின் ஓரத்தில் குழுவினர் நிற்கும் இடமான பிட்டுக்கும் இடையில். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இன்டர்காம் என்பது ராலியில் ஓட்டுநரையும் வழி சொல்லும் துணை ஓட்டுநரையும் ஒயரால் இணைப்பது. பொத்தான் கிடையாது, எப்போதும் திறந்தே இருக்கும். புளூடூத் என்பது பைக்கில் பயணம் போகிறவர்களுக்கு. பைக் பந்தயத்தில் இது எதுவும் வேண்டியதில்லை. உலக அளவிலான பைக் பந்தயமான மோட்டோஜிபியில்கூட ஓட்டுநர் பிட்டோடு வாய்விட்டுப் பேசுவதில்லை, நேரான பாதையில் குழுவினர் பலகை காட்டுவார்கள். பைக் ரேஸ் பழகப்போகிறவர் ரேடியோவுக்கு வைத்திருந்த காசை இன்னும் நல்ல ஹெல்மெட்டில் போடலாம்.

ஹெல்மெட்டிலிருந்து வரும் ஒயர், காரில் இருக்கும் ஒயரோடு சேரும் முனையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பிளக்குகள் உள்ளே வேறு வேறு மாதிரி இணைக்கப்பட்டிருக்கலாம். எந்தக் குழுவோடு ஓட்டப்போகிறீர்களோ அவர்களிடம் இருக்கும் ரேடியோவுக்குப் பொருந்துவதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அந்த முனை, தீப்பிடித்து வெளியே குதிக்கும்போது தானாகப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும்.

சொந்தமாக வாக்கி டாக்கி வாங்கிப் பழகலாம் என்று நினைப்பவர்களுக்கு: நம் நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் கைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

எந்த வரிசையில் வாங்குவது

முத்திரை, அளவு, காது, மைக், ஒயர் என்ற வரிசையில் போகலாம். அளவு பார்க்கும்போது கன்னத்தை மெத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் முகத் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. நெற்றியில் ஒரு புள்ளி மட்டும் வலித்தால் தலையின் வடிவத்துக்கு அது பொருந்தவில்லை, வேறு மாடல் பாருங்கள். இயர் பீஸ் வைத்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம், அது மடலோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் காதுப் பள்ளம் உங்களுக்குப் போதாது.

மைக்கும் ஸ்பீக்கரும் தயாரிப்பாளரே பொருத்தித் தந்த ஹெல்மெட் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் இணைப்புகளை மட்டும் போடுங்கள். தெர்மோகோலைக் கத்தியால் குடைந்து ஸ்பீக்கருக்கு இடம் செய்து தருவதாக யாராவது சொன்னால் ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கண்ட பசையையும் பெயின்டையும் உள்ளே பூச விடாதீர்கள், தெர்மோகோலைக் கரைக்கும் ரசாயனம் அவற்றில் இருக்கலாம்.

கை இறுக்கமாக இருந்தால், நல்ல முத்திரையுள்ள ஹெல்மெட்டும் ஒரு பெட்டி நுரைப் பிளக்கும் முதல் வருடத்துக்குப் போதும். பழகும் நாட்களில் பிட்டிலிருந்து சொல்வதை ஓட்டி முடித்து வந்தும் கேட்டுக்கொள்ளலாம். ரேடியோவை அடுத்த சீசனில் வாங்கலாம்.